செம்புத் தகட்டில் வைத்த கை

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்காகக்கா."

தவசிலிங்கம் இதைச் சொன்னபோது செல்லக்கனி தூக்குவாளியில் மோர்ச்சோறு தின்றுகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன சொல்லணும்?"

"என்னமாவது. சல்லடை கிழிஞ்சிருக்கு, பாய் நைஞ்சுபோச்சு, ஒருத்திக்குத் தல சுத்துது. இப்படி என்னமாவது இருக்கும்ல? கேட்டா, 'எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி'ங்காக. காலையில கேட்டாலும் அதான். சாயங்காலம் கேட்டாலும் அதான்."

"சரியா இருந்தா நல்லதுதான?"

"பயராபீஸ்லயாக்கா?"

செல்லக்கனி இப்போது நிமிர்ந்தாள்.

பட்டாசுத் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். கரிசல் காட்டுக்கு நடுவே எட்ட எட்டக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒன்று போனாலும் மற்றது தப்பிக்கட்டும் என்றுதான் அந்த இடைவெளி. கிழக்கு வரிசைக்குச் செல்லக்கனி போர்மேன். மேற்கு வரிசைக்கு, ஆறு மாதமாக, தவசிலிங்கம். நாற்பத்து நான்கு வயதில், மூன்றாவது தடவை பரீட்சை எழுதி வாங்கிய போர்மேன் சீட்டு அவனுடையது.

அப்படி ஓர் இடத்தில் ஆறு மாதமாக எல்லாம் சரியாகவே இருக்கிறது என்றால் எவன்தான் நம்புவான்?

"ஒங்க பக்கத்துல மட்டும் எல்லாத்தையும் வந்து கொட்டுறாக. அது எப்படிக்கா?"

செல்லக்கனி சாப்பிட்டு எழுந்தாள். தூக்குவாளியைக் கழுவினாள். கழுவிய தண்ணீரை வேம்பின் தூரில் ஊற்றினாள்.

தவசிலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். அட்டை பிய்ந்து, நூல் போட்டுத் தைத்த நோட்டு.

"இருவது வருசத்துல மூணு போர்மேன்கிட்ட இருந்திருக்கேன். மூணு பேரும் தங்கமான ஆளுக. ஒவ்வொருத்தருகிட்டயும் பார்த்துப் பார்த்து எழுதி வச்சிருக்கேன்."

"வாசி."

"பெரியகருப்பன் அண்ணாச்சி நமக்கு முன்னால வந்து நிப்பாரு. நானும் வந்து நிக்கேன். அழகுமணி மாமா ஒவ்வொருத்தர் வீட்டுலயும் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சைன்னு தெரிஞ்சு வச்சிருப்பாரு. எனக்கும் தெரியும். ஆரோக்கியம் சார் எல்லாரும் சாப்பிட்ட பெறகுதான் சாப்பிடுவாரு. நான் இன்னும் சாப்பிடலக்கா."

அது உண்மைதான். மணி இரண்டாகியிருந்தது. வயிறு காய்ந்துகொண்டு கிடந்தது.

"மூணு பேரும் என்ன தப்புப் பண்ணாக?"

"என்னது?"

"இருவது வருசம். மூணு பேரு. என்ன தப்புப் பண்ணாக?"

தவசிலிங்கம் நோட்டைப் புரட்டினான். புரட்டிப் பயனில்லை என்று அவனுக்கே தெரியும். அப்படி ஒரு பக்கமே அதில் கிடையாது.

"அவுக தப்புப் பண்ணலக்கா."

"பண்ணலயா? நீ எழுதலயா?"

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெய்வம் மாதிரி மூன்று பேரைப் பற்றிச் சொன்னால், இந்த அம்மாள் குற்றம் தேடுகிறாளே.

"நாளைக்குக் காலையில ஆறரைக்கு என் பக்கம் வா" என்றாள் செல்லக்கனி. "இப்பப் போய்ச் சாப்பிடு. பசியோட வெடிமருந்துப் பக்கம் நிக்காத."



கிழக்கு வரிசையின் வாசலில் ஒரு செம்புத் தகடு. மேற்கிலும் அதேபோல் ஒன்று உண்டு. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று எல்லாரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேற்கில் தொடுவார்கள், போவார்கள்.

இங்கே யாரும் போகவில்லை. வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள்.

செல்லக்கனி முதலில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"நேத்து மூணாம் ரூம்ல அஞ்சு பேரு இருந்தாக" என்றாள். "நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. அஞ்சாவது ஆளு நான். பேச்சு சுவாரசியத்துல கால் மணி நேரம் நின்னுட்டேன். என்னமாவது ஆகியிருந்தா ஒரு உசுரு கூடுதலாப் போயிருக்கும்."

கையை எடுத்தாள்.

அடுத்து ஒரு பெண் கையை வைத்தாள். "அக்கா, நேத்து சேலைக்குள்ள நைலான் பாவாடை கட்டி வந்துட்டேன். சாயங்காலம்தான் பார்த்தேன்."

"நல்லது. இன்னைக்கு?"

"நூல் பாவாடைதான் அக்கா."

"போ."

அடுத்தவன். "ரெண்டாம் ரூம் ரப்பர் பாயில ஓட்டை. ஒரு வாரமா இருக்கு. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன்."

"நல்லது. பாய் மாத்துற வரைக்கும் ரெண்டாம் ரூம் தொறக்க வேண்டாம்."

தவசிலிங்கத்துக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

எல்லாரும் உள்ளே போன பிறகு செல்லக்கனி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஓட்டைன்னு அவன் சொன்னதும் ஒன் வாய்க்குள்ள ஒண்ணு வந்துச்சே. என்னது?"

அவன் ஒளிக்கவில்லை. "யாருன்னு கேக்க வந்தேன். யாரு ஓட்டை போட்டான்னு."

"அதையும் நோட்டுல எழுது."



மூன்று நாள் கழித்து அவன் மறுபடியும் வந்து நின்றான். மூஞ்சி தொங்கிப்போயிருந்தது.

"நானும் செஞ்சு பார்த்துட்டேன்க்கா. ஒண்ணும் நடக்கல."

"என்ன செஞ்ச?"

"தகட்டுல கை வச்சு என் தப்பைச் சொன்னேன்."

"என்ன தப்பு?"

"ஏழு நிமிசம் லேட்டா வந்தது ஒரு நா. வராந்தா வெளக்க அணைக்காமப் போனது ஒரு நா. நேத்து..." அவன் தயங்கினான். "நேத்து, எல்லார் மேலயும் ரொம்பப் பாசமா இருந்து எடங்குடுத்துட்டேன்னு சொன்னேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சின்னாக. செண்பகராஜ்னு ஒருத்தன் இருக்கான். அவன் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சான்."

செல்லக்கனிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சொல்லும்போது ஒனக்குக் கை நடுங்குச்சா?"

"இல்லக்கா. எதுக்கு நடுங்கணும்?"

அவள் எழுந்து தன் அறைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.



வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கரிசல் காட்டு மழை. வானம் இருட்டியதைப் பார்த்து நிமிர்வதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது.

பட்டாசு வேலையில் மழை நல்ல சகுனம் இல்லை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தன்னாலே சூடேறும். எப்போது பற்றும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான், கலந்த மருந்தில் மிச்சம் இருந்தால் அன்றைக்கே வெளியே எடுத்து அழித்துவிட வேண்டும். ஒரு தட்டுக்கூட ராத்தங்கக் கூடாது. ஒவ்வொரு அறையாகப் போய்க் கண்ணால் பார்த்து, 'மிச்சம் இல்லை' என்று போர்மேன் கையெழுத்துப் போட வேண்டும்.

தவசிலிங்கம் நாலு அறையைப் பார்த்துவிட்டான். ஐந்து, ஆறு, ஏழு பாக்கி. வராந்தாவுக்கும் அந்த அறைகளுக்கும் நடுவே மழை சுவர் மாதிரி நின்றது.

அவன் வராந்தாவில் இருந்தபடியே கத்தினான். "மிச்சம் இருக்கா?"

ஏழாம் அறையில் வேலை பார்க்கும் மாடத்தியின் குரல் அதன் வாசலிலிருந்து வந்தது. "எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி!"

அவன் கையெழுத்துப் போட்டான். மூன்று கையெழுத்து.

பேனா ஒரு தடவை நின்றது உண்மை. ஆனால் வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவனும் ஓடினான்.



சனிக்கிழமை காலையில் வெயில் அடித்தது. தரை கழுவிவிட்டதுபோல் இருந்தது.

மேற்கு வரிசை வாசலில் இருபத்தாறு பேர். முதல் ஆளாக மாடத்தி நின்றாள். ஏழாம் அறைச் சாவி அவள் இடுப்பில். எப்போதும் கடைசியில் வந்து நிற்கிறவள், இன்றைக்கு முதலில் நிற்கிறாளே என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. ஒரு நாளைக்கு ஒரு சுறுசுறுப்பு என்று விட்டுவிட்டான்.

சொல்வதற்கு ஒன்று தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தான். நேற்று வேனில் ஏறும்போது டிரைவரை வைதுவிட்டான். அது போதும் என்று நினைத்தான்.

தகட்டில் கையை வைத்தான். ராத்திரி மழையில் நனைந்த செம்பு. சில்லென்று இருந்தது.

"நேத்து..." என்றான்.

அந்த நேரத்தில்தானா அது நினைவுக்கு வர வேண்டும்?

பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு காலை. ஆரோக்கியம் சார் இதேபோல் இருபது பேர் முன்னால் நின்று, 'நேத்து எடை போட்டது தப்பு, நான்தான் போட்டேன், எல்லாம் வீண்' என்று சொன்னார். சொல்லும்போது அவருக்குத் தாடை ஆடியது. தவசிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். தங்கமான மனுசன், அவர் மானம் போனதை எதற்கு எழுத வேண்டும் என்று, அன்றைக்கு மட்டும் நோட்டை எடுக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம், ஒரு மாதமாகத் தான் மறைத்து வைத்திருந்த உடைந்த தராசுப் படிக்கல்லை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது யார்?

அவன்தான்.

தகட்டின் மேல் அவன் கை ஆடத் தொடங்கியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து அஞ்சு, ஆறு, ஏழு மூணு ரூமையும் நான் பார்க்கல" என்றான். "மழைக்குப் பயந்து வராந்தாவுலயே நின்னுட்டேன். பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். பொய்க் கையெழுத்து. இது வெளிய தெரிஞ்சா என் சீட்டைப் பிடுங்கிருவாக. பிடுங்கட்டும். அந்த ரூமுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

செண்பகராஜ் சிரிக்கவில்லை.

யாரோ காலை மாற்றி வைத்தார்கள். தூரத்தில் கிழக்கு வரிசைக்காரர்கள் உள்ளே போகிற சத்தம் கேட்டது. ஆறு மாதமாகக் கேட்ட பதில் இப்போதும் வந்துவிடுமோ என்று தவசிலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. வந்துவிட்டால், தானே போய்க் கதவைத் திறந்து பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை.

மாடத்தி இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி."

"சொல்லு."

"ஒரு தட்டு உள்ள இருக்கு."

யாரு வச்சா என்ற வார்த்தை அவன் தொண்டை வரைக்கும் வந்தது. இருபது வருடப் பழக்கம், லேசில் போகுமா? எச்சிலைக் கூட்டி விழுங்கினான்.

"எந்தப் பக்கம்?"

அவள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மடமடவென்று வந்தது.

"சன்னலுக்குக் கீழ. சாரல் அடிச்சு நனைஞ்சுபோச்சு. வெளிய கொண்டு போனா மொத்தமா நனையும்னு சாக்கப் போட்டு மூடிட்டேன். சொன்னா ஏசுவீகன்னு... மொத ஆளா நான் மட்டும் உள்ள போயி எடுத்துரலாம்னு நெனச்சேன் அண்ணாச்சி. இப்பவும் எடுத்துருதேன். ஓடிப் போயி எடுத்துட்டு வந்துருதேன்."

அவள் ஓர் எட்டு வைத்துவிட்டாள்.

தவசிலிங்கம் அவள் கையைப் பிடித்தான். சாவியைப் பிடுங்கினான். வேலிக்கு அந்தப் பக்கம், சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் விழும்படி வீசி எறிந்தான்.

"எல்லாரும் வேலிக்கு ஓடுங்க. தூக்குவாளிய எடுக்காதீக. ஓடுங்க!"

ஓடினார்கள். வேலியோரம் நிறுத்தி எண்ணினான். இருபத்தாறு. மறுபடியும் எண்ணினான். இருபத்தாறு.

கிழக்கு வரிசைக்கு ஒருத்தியை அனுப்பினான். செல்லக்கனி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம், திரும்பி வந்தவள் சொன்னாள். தன் ஆட்களை அப்படியே வெளியே இழுத்துவிட்டு, தான் மட்டும் இந்தப் பக்கம் வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

ஏழாம் அறை சும்மா இருந்தது. வெயிலில், பூட்டிய கதவோடு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி இருந்தது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்னய்யா, வேலை நேரத்துல கூட்டம்?"

"நனைஞ்ச மருந்து உள்ள இருக்கு சார்."

"நனைஞ்ச மருந்தா? நேத்தே மிச்சம் இல்லன்னு கையெழுத்து இருக்கேய்யா!"

"அது பொய் சார். நான் போட்டது."

மேனேஜர் ஏழாம் அறையைப் பார்த்தார். "கடைசில ஒண்ணும் ஆகலன்னு வையி..." என்று தொடங்கினார்.

கதவின் அடியிலிருந்து நூல்போல வெள்ளைப் புகை வந்தது.

யாரோ 'ஆத்தா' என்றார்கள்.

பிறகு சத்தம். தரை தூக்கிப் போட்டது. ஓட்டுக் கூரை மேலே போய்த் துண்டு துண்டாகக் கீழே வந்தது. கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. மாடத்தி நிற்க வேண்டிய இடத்தில் தீ நின்றது.

மாடத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் தவசிலிங்கத்தின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவனும் உட்கார்ந்தான். வெட்கமில்லாமல் அழுதான்.

எண்ணினான். இருபத்தாறு.

மேனேஜருக்கு அப்போதுதான் குரல் திரும்பியது.

"யாரு? யாரு வச்ச தட்டு அது? எந்தக் கழுத? இப்பத் தெரிஞ்சாகணும் எனக்கு!"

இருபத்தாறு வாயும் மூடிக்கொண்டன. தவசிலிங்கம் அதைக் கண்ணால் பார்த்தான். ஒவ்வொரு முகமாக, கதவு சாத்துவதுபோல் சாத்திக்கொண்டது. ஆறு மாதமாக அவன் பார்த்த முகங்கள் அவை. எங்கிருந்து வந்தன என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் எழுந்தான்.

"நான் சார். பார்க்காமக் கையெழுத்துப் போட்டவன் நான்."

"ஒன் சீட்டு போயிரும்யா!"

"தெரியும் சார்."

செல்லக்கனி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எரிகிற அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சேலைத் தலைப்பால் ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள். புகையாகவும் இருக்கலாம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை மேலே வந்தது. நன்றாக நடுங்கியது அந்தக் கை.

செண்பகராஜ்.

"அண்ணாச்சி" என்றான். "அஞ்சாம் ரூம்லயும் ஒரு தட்டு இருக்கு."

மேனேஜர் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். தவசிலிங்கம் நடுவே போய் நின்றுகொண்டான்.

"நல்லது" என்றான். "எந்தப் பக்கம்?"